முகம் கிடைத்த பேய்கள்

யாழ்ப்பாணத்துப் பேய்களுக்கு முகம் இருந்ததில்லை. இடம் இருந்தது, நேரம் இருந்தது. சுடலைக்குப் போகும் ஒழுங்கையின் முடக்கு, பாழடைந்த கிணற்றடி, ஆள் புழங்காத பனங்கூடல், முனி குடியிருந்த புளியமரம் என்று இடங்கள் எல்லாருக்கும் தெரியும். நேரமும் தெரியும். நடுச்சாமம் மட்டுமல்ல, உச்சி வெயிலும் கூடாது. ஆனால் அங்கே நிற்பது எப்படி இருக்கும் என்று எந்த ஆச்சியும் சொன்னதில்லை. "அங்காலை போகாதை" என்பதோடு கதை முடிந்துவிடும். மேலும் நச்சரித்தால் நெற்றியில் திருநீறு பூசிப் படுக்க வைத்துவிடுவார். பேய் அடித்தவர் என்று ஊரில் பெயர் எடுத்தவர்கள்கூடக் கண்டதை விவரித்ததில்லை; அதன் பிறகு காய்ச்சலில் கிடந்ததைத்தான் விவரித்தார்கள். காவலுக்கு நின்ற தெய்வமும் அப்படியே. வைரவர் கோயில் என்றால் பல இடங்களில் மரத்தடியில் நட்ட ஒரு சூலம். அதற்குக் கண்ணும் மூக்கும் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அச்சம், காவல் இரண்டும் உருவம் இல்லாமலே ஒழுங்காக நடந்துகொண்டிருந்தன.

உருவம் அச்சில் வந்தது, அதுவும் கடல் கடந்து. முதலில் வந்தது அம்புலிமாமா. 1947இல் சென்னையில் தொடங்கிய அந்த மாத இதழில் 'சங்கர்' என்று கையெழுத்திட்ட கே. சி. சிவசங்கரன் 1952இல் சேர்ந்தார். உருவிய வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தன், அவன் தோளில் பிணம், நரைத்த நீள்முடியோடு வேதாளம் என்ற அந்தப் படத்தை ஈழத்திலும் தமிழகத்திலும் இரண்டு மூன்று தலைமுறை மனப்பாடமாக வைத்திருக்கிறது. 2020இல் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிக் குறிப்புகள் பலவும் அந்த ஒரு படத்தைச் சுற்றியே எழுதப்பட்டன. ஆனால் பிள்ளைகள் அந்த வேதாளத்துக்குப் பயந்ததில்லை. மாதாமாதம் கதை சொல்லி, கதை முடிவில் கேள்வி கேட்டு, விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்று மிரட்டிய அதனிடம் ஒரு வாத்தியாரிடம் உள்ளதைவிட அதிக ஆபத்து இருக்கவில்லை.

பயப்படத்தக்க முகங்கள் சிவகாசியிலிருந்து வந்தன. 1972 ஜனவரியில் சௌந்தரபாண்டியன் அங்கே முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. கதை லண்டனில் 1962இல் 'வாலியன்ட்' வார இதழில் தொடராக வந்தது. வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. விபத்தில் கையை இழந்து எஃகுக் கை பூட்டிக்கொண்ட லூயிஸ் கிராண்டெல் என்பவன் மின்சாரம் தாக்கினால் மறைந்துபோவான்; கை மட்டும் மறையாது. இதைத் துப்பறியும் கதை, சாகசக் கதை என்றுதான் எல்லோரும் வகைப்படுத்துவார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. வெறும் வெளியில் மணிக்கட்டோடு மிதந்து வந்து கதவுக் குமிழைத் திருகும் ஒரு கை, அது எந்த வகைக்குள் வைக்கப்பட்டாலும், பேய்ப்படம்தான். பிளாஸ்கோவின் நிழல்கள் அதை உறுதி செய்கின்றன. பட்டப்பகலில் நடக்கும் காட்சியிலும் அவர் மூலையில் ஓர் இருட்டை விட்டுவைப்பார்.

உள்ளே பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. செய்தித்தாள் தரத்துக் கடதாசி. சில பக்கங்களில் மை ஊறி மறுபக்கத்து வில்லனின் மூக்கு இந்தப் பக்கத்துக் கதாநாயகனின் கன்னத்தில் தெரியும். நிறம் என்பது மட்டைக்கு மட்டுமே உரியது. அதனால் மட்டை, புத்தகத்தின் முகப்பு என்பதைவிட, அதன் வாக்குறுதி. அந்த வாக்குறுதி ஒருபோதும் முழுதாக நிறைவேற்றப்படவில்லை என்பதே அந்தக் கலையின் இலக்கணம். மட்டையில் கோட்டை தீப்பற்றி எரியும். உள்ளே ஒரு அறையில் மெழுகுதிரி எரியும். மட்டையில் எலும்புக்கூடு கதாநாயகியின் தோளைப் பிடிக்கும். உள்ளே அது யாரோ போட்ட வேடம் என்று கடைசிக்கு முந்திய பக்கத்தில் தெரியவரும். வாங்கியவன் ஏமாந்தான், அடுத்த மாதமும் வாங்கினான். ஒரு மட்டை ஓவியன் செய்ய வேண்டிய வேலை அதற்கு மேல் எதுவும் இல்லை.

அந்த மட்டைகளின் நிறங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பின்புலத்தில் ஊதாவும் கருநீலமும், முகத்தில் கீழிருந்து அடிக்கும் மஞ்சள் வெளிச்சம், பிணத்துக்குப் பச்சை, இரத்தத்துக்குக் குங்குமச் சிவப்பு. ஐரோப்பிய மூலத்தின் அட்டையை அப்படியே போடாமல் உள்ளூர் ஓவியரைக் கொண்டு புதிதாக வரையச் செய்த இதழ்கள் பல உண்டு; பின்னாளில் மாலையப்பன் என்ற பெயர் வாசகர்களுக்குத் தெரியவந்தது, அதற்கு முந்தியவர்கள் பலரின் பெயர் மட்டையில் எங்கும் இல்லை. அவர்கள் வரைந்தபோது லண்டன் ஆள் கொஞ்சம் தமிழ்ப்பட வில்லனின் புருவத்தைப் பெற்றான். அச்சில் நான்கு நிறங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராதபோது சிவப்பு உதட்டைவிட்டு ஒரு மில்லிமீற்றர் விலகி நின்றது. அந்த விலகல் ஓவியனின் திட்டத்தில் இல்லாதது. ஆனாலும் இரத்தம் வழிகிறது என்று நம்ப வைத்ததில் அதற்கும் பங்குண்டு.

இதே சிவகாசியில்தான் கலண்டர்களும் அச்சாகின. கோவில்பட்டிக் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் இலட்சுமியும் சிவகாசி இயந்திரங்களில் பெருகித் தமிழ் வீடுகளின் சுவர்களை நிறைத்தார்கள். யாழ்ப்பாணத்து விறாந்தைகளில் தொங்கிய சாமிகளுக்கும் கட்டிலுக்கடியில் கிடந்த பேய்களுக்கும் பல வேளை பிறந்த ஊர் ஒன்று. மண்டையோட்டு மாலை அணிந்து, நாக்கை நீட்டி, வெட்டிய தலையை மயிரில் பிடித்துத் தூக்கிய காளி சுவாமியறையில் இருந்தாள். அவளை யாரும் ஒளித்து வைக்கவில்லை. எலும்புக்கூட்டைத்தான் ஒளித்து வைத்தோம்.

இந்தப் புத்தகங்கள் யாழ்ப்பாணம் வந்த வழி நேரானதல்ல. முத்து காமிக்ஸ் தொடங்கிய ஆண்டில் இலங்கையில் ஐக்கிய முன்னணி அரசு இருந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியில் இறக்குமதிகள் இறுகிக்கிடந்தன. இந்தியச் சஞ்சிகைகளின் வரவும் அதில் ஒடுங்கியது. அதை வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. தமிழகத்து மலிவுச் சஞ்சிகைகள் ஈழத்து எழுத்தை மூச்சுத் திணற வைக்கின்றன என்று முற்போக்கு எழுத்தாளர்கள் நெடுங்காலம் முறையிட்டிருந்தார்கள். அந்த இடைவெளியில்தான் வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களை மலிவு விலையில் வரிசையாகக் கொண்டுவந்தது. ஈழத்து நாவல் தழைக்க இரும்புக்கை மாயாவி அக்கரையில் காத்து நிற்க வேண்டியிருந்தது. நியாயமான பேரம்தான். ஆனால் அன்றைக்கு எட்டு வயதிலிருந்தவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

முற்றாக நின்றுவிடவும் இல்லை. தலைமன்னார் கப்பலில் இராமேஸ்வரம் போய் வந்தவர்களின் பெட்டிகளில் சேலைக்கும் சில்வர்ப் பாத்திரத்துக்கும் இடையில் ஒன்றிரண்டு வந்தன. 1977இல் ஆட்சி மாறிப் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு கடைகளில் வெளிப்படையாகத் தொங்கின. ஒரு பிரதி ஒரு வகுப்பு முழுவதையும் சுற்றியது. அதற்கு எழுதாத விலைப்பட்டியல் ஒன்றும் இருந்தது: மட்டையோடு ஒரு மாயாவிக்கு மட்டை இல்லாத இரண்டு; அம்புலிமாமா எத்தனை கொடுத்தாலும் ஒரு மாயாவி கிடைக்காது. மட்டைதான் முதலில் போகும். தையலிலிருந்து கழன்று, பிறகு ஒரு மூலை மடிந்து, பிறகு எவனோ ஒருவன் அதைத் தன் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு புத்தகத்தை மட்டும் திருப்பித் தருவான். தப்பிப் பிழைத்த மட்டைகளுக்கு இன்னொரு கதி. பாடப்புத்தகத்துக்குப் போடும் மண்ணிறக் கடதாசி உறையை அவற்றுக்கும் போட்டு, 'சமூகக் கல்வி' என்று எழுதி வைத்தோம். இவ்வளவு சிரமப்பட்டு ஓர் ஓவியன் வரைந்ததை மூடி மறைத்தால்தான் அதை வாசிக்கலாம் என்ற நிலை.

தகப்பன்மார் கிழித்தார்கள். காரணம் கேட்டால், பிள்ளை கெட்டுப்போகும் என்பார்கள். எந்த வழியில் என்று அவர்கள் விளக்கியதில்லை. அதே வீட்டில் ஆறுமுக நாவலரின் பெரியபுராண வசனம் இருந்தது. சிறுத்தொண்டர் தன் பிள்ளையை அறுத்துக் கறி சமைத்துச் சிவனடியாருக்குப் படைத்த கதை சைவசமய பாடத்தில் வந்தது. தாய் மடியில் பிள்ளையின் கால்களை இடுக்கிப் பிடித்துக்கொண்டது வரை ஒப்புவித்தால் நல்ல புள்ளி கிடைக்கும். கந்தசட்டியில் சூரனின் தலைகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்படுவதைத் தகப்பன்மாரே தோளில் தூக்கி வைத்துக் காட்டினார்கள். இதைச் சுட்டிக்காட்டிப் புராணத்தைக் குறைசொல்வது என் நோக்கம் அல்ல. கோரம் யாரையும் உறுத்தவில்லை. அதற்குப் பின்னால் ஒரு பலன் இல்லாததுதான் உறுத்தியது. சிறுத்தொண்டரின் பிள்ளை கடைசியில் ஓடி வருகிறான். சிவகாசி எலும்புக்கூடு யாருக்கும் முத்தி கொடுப்பதில்லை.

இந்த அச்சம் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதுமல்ல. அமெரிக்காவில் வில்லியம் கெய்ன்ஸ் என்பவர் 1950இலிருந்து நடத்திய ஈசி நிறுவனத்தின் திகில் சித்திரக்கதைகள் மாதந்தோறும் இலட்சக்கணக்கில் விற்றன. 1954 ஏப்ரல் 21ஆம் திகதி நியூயோர்க்கில் செனற் துணைக்குழு ஒன்று அவரை அழைத்து விசாரித்தது. செனற்றர் கீஃபாவர் ஒரு மட்டையைத் தூக்கிக் காட்டினார்: ஒரு கையில் கோடரி, மறு கையில் வெட்டிய பெண்ணின் தலை. ஜோனி கிரெய்க் வரைந்தது. இது நல்ல ரசனையா என்று கேட்டார். திகில் இதழுக்கு நல்ல ரசனைதான் என்றார் கெய்ன்ஸ். தலையை இன்னும் சற்று உயர்த்திப் பிடித்து, கழுத்திலிருந்து இரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால்தான் ரசனைக் குறைவு என்று விளக்கமும் கொடுத்தார். அந்த விளக்கம் அவருடைய திகில் இதழ்களை முடித்து வைத்தது. சில மாதங்களில் பதிப்பாளர்கள் தாங்களே ஒரு நெறிமுறைக் கோவையை உண்டாக்கிக்கொண்டார்கள். தலைப்பில் 'திகில்', 'பயங்கரம்' என்ற சொற்கள் வரக்கூடாது. இரத்தக் காட்டேரி கூடாது. நடமாடும் பிணம் கூடாது. ஆனாலும் கெய்ன்ஸ் சொன்னது வெறும் திமிர் அல்ல என்றே நினைக்கிறேன். எதைச் சட்டகத்துக்கு வெளியே விட வேண்டும் என்று அளந்து பார்ப்பவன்தான் மட்டை ஓவியன்.

அதே ஆண்டு செப்ரெம்பரில் கிளாஸ்கோ நகரத்து இடுகாடு ஒன்றில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் தடியும் கத்தியுமாகக் கூடினார்கள். இரும்புப் பல் கொண்ட ஏழடி உயரக் காட்டேரி ஒன்று இரண்டு சிறுவர்களைத் தின்றுவிட்டதாம். அதைத் தேடிப் பிடிக்க வந்தார்கள். குற்றம் அமெரிக்கச் சித்திரக்கதைகள் மேல் விழுந்தது. இரும்புப் பல் பூதம் எந்தச் சித்திரக்கதையில் வந்தது என்று தேடிப் பார்த்தபோது அகப்படவில்லை. விவிலியத்தில், தானியேல் ஆகமத்தின் ஏழாம் அதிகாரத்தில் அகப்பட்டது. அதைத் தடைசெய்யும்படி யாரும் கோரவில்லை. 1955இல் பிரித்தானிய நாடாளுமன்றம் இளையோருக்குக் கேடு விளைவிக்கும் வெளியீடுகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 1956இல் இந்தியா அதையே ஏறக்குறைய வரி மாறாமல் எடுத்துக்கொண்டது. அருவருப்பான, கோரமான நிகழ்வுகளைப் படங்களால் சொல்லும் புத்தகங்கள் குற்றம். பின்னர் லண்டன் தன் சித்திரக்கதைகளைச் சிவகாசிக்கு விற்றது. சட்டமும் கதையும் ஒரே துறைமுகத்திலிருந்து புறப்பட்டு வந்தவை. கதை மட்டும் வாசிக்கப்பட்டது.

இலங்கையும் சட்டங்களில் குறைவைக்கவில்லை. 1983 ஜூன் 3ஆம் திகதி அவசரகால ஒழுங்குவிதி 15ஏ நடைமுறைக்கு வந்தது. அதன்படி பாதுகாப்புப் படையினர் ஓர் உடலை மரண விசாரணை இல்லாமல், அடையாளம் வெளிப்படுத்தாமல், புதைக்கலாம் அல்லது எரிக்கலாம். படம் எதுவும் இல்லாத, வர்த்தமானியில் அச்சான, நிதானமான மொழியில் எழுதப்பட்ட ஒரு பந்தி. அதை எழுதியவர் சிறுவயதில் எந்தச் சித்திரக்கதையை வாசித்துக் கெட்டுப்போனார் என்று எந்தக் குழுவும் ஆராயவில்லை.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1981 மே 31 இரவுக்கும் ஜூன் 1 இரவுக்கும் இடையில், யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. 97,000 புத்தகங்கள், ஏட்டுச் சுவடிகள், திரும்பக் கிடைக்காத கையெழுத்துப் பிரதிகள். அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம், இன்னும் எழுத வேண்டும். அதே நாள்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகம் எரிந்தது. பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிந்தது. கடைகள் எரிந்த கணக்கில் புத்தகக் கடையும் ஒன்றாகிவிடுகிறது. அந்நாளைய புத்தகக் கடை ஒன்றின் வாசலில் கம்பியில் கவ்விப் பிடித்துத் தொங்கியவை என்னென்ன, உள்ளே கட்டவிழ்க்காமல் கிடந்தவை என்னென்ன என்று யாரும் பட்டியல் போட்டதில்லை. போடுவதற்கு அதில் என்ன இருக்கிறது? கல்கியும் குமுதமும் கலண்டரும் மாயாவியும். துக்கத்திலும் ஒரு நூலகப் பகுப்பு முறை இருக்கிறது. யாழ்ப்பாண வைபவமாலையின் சுவடி மேல் தட்டில். நியூஸ்பிரிண்ட் பேய் தட்டிலேயே இல்லை. ஆனால் 1981இல் பன்னிரண்டு வயதிலிருந்த ஒருவனைக் கேட்டால், அவன் தொட்டுப் புரட்டி வாசித்து இழந்தது இரண்டாவதைத்தான்.

1986இல் சிவகாசியிலிருந்து, லயன் காமிக்ஸின் ஆசிரியர் விஜயன் பொறுப்பில், 'திகில் காமிக்ஸ்' என்றே ஓர் இதழ் வந்தது. அமெரிக்கப் பதிப்பாளர்கள் முப்பது ஆண்டு முன்னர் தலைப்பில் வரக்கூடாது என்று விலக்கிய சொல் இங்கே தலைப்பாகவே வந்து நின்றது. கறுப்புக் கிழவி ஒருத்தி கதை சொல்லும் குறுங்கதைகள் அதில் பேர்போனவை. தவறு செய்தவன் கடைசிச் சட்டத்தில் தண்டனை பெறுவான். பேராசைக்காரன் தான் தோண்டிய குழிக்குள் விழுவான். இன்று எடுத்து வாசித்தால் அவற்றின் ஒழுக்கம்தான் கண்ணில் படுகிறது. பேய்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஒரு நீதிமன்றம் அது. வழக்குத் தவணை தள்ளிப்போவதில்லை, சாட்சி மிரட்டப்படுவதில்லை, செத்தவனே வந்து சாட்சி சொல்வான். எந்தத் தகப்பன் இதைக் கிழித்தானோ, அவன் இறுதிப் பக்கம் வரை வாசித்திருந்தால் சைவசமய பாடத்தோடு சேர்த்து வைத்திருப்பான்.

யாழ்ப்பாணத்தில் 1986 என்பது கோட்டைக்குள் இராணுவம், வெளியே இயக்கங்கள். அடுத்த ஆண்டு வடமராட்சிப் படையெடுப்பு, பிறகு இந்திய அமைதிப்படை, ஒக்டோபரில் பெரியாஸ்பத்திரிக்குள் கொலை. இவற்றை மட்டைகளோடு பொருத்திப் பார்க்க முயன்றால் பொருந்தாது. மட்டையில் பயங்கரம் இரவில் வரும், சந்திரன் இருக்கும், வௌவால் இருக்கும், வருகிறவனுக்கு ஒரு முகம் இருக்கும். இங்கே வந்தது பகல் பதினொரு மணிக்கு, மரநிழலில் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும்போது வந்தது. எறிகணைச் செல்லுக்கு முகம் இல்லை. முகம் இருந்த இடத்திலும் அதை மூடியிருந்தார்கள்: சுற்றிவளைப்பில் மைதானத்தில் வரிசையாக இருத்தி, ஒவ்வொருவராக முன்னால் அனுப்பும்போது, எதிரே சாக்கால் முகம் மறைத்த ஒருவன் தலையை ஆட்டுவான் அல்லது ஆட்டாமல் இருப்பான். ஆச்சியின் பேய்தான் திரும்பி வந்திருந்தது. இடம் தெரியும், நேரம் தெரியும், உரு மட்டும் சொல்ல முடியாது.

1990இல் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் பொன் விலை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் நூல் திரியும் வைத்த விளக்கில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. அந்த வெளிச்சம் கீழிருந்து மேலாக முகத்தில் அடிக்கும். சிவகாசி ஓவியர்கள் மஞ்சள் பூசிக் கஷ்டப்பட்டு உண்டாக்கிய அதே வெளிச்சம், எல்லா வீட்டிலும், இலவசமாக. புதுப் புத்தகம் வராது. பத்திரிகைகளே கிடைத்த கடதாசியில், பள்ளிக் கொப்பித் தாளில்கூட, அச்சாகின. மட்டை போன பழைய மாயாவிகள் மீண்டும் சுற்றின. கடைசிப் பக்கமும் போயிருந்தால் முடிவை வாயால் சொல்லிக் கொடுத்தார்கள். அப்போது ஒருவன் எழுப்பிய சந்தேகத்துக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது: மாயாவி மறைய மின்சாரம் வேண்டும், இங்கே அனுப்பினால் அவன் என்ன செய்வான்? இரும்புக் கையோடு சோதனைச் சாவடியில் அகப்படுவான் என்பதில் மட்டும் எல்லோரும் உடன்பட்டோம்.

சாதாரண மனிதர்கள் மின்சாரம் இல்லாமலே மறைந்தார்கள். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு இராணுவக் கட்டுப்பாட்டுக்குள் திரும்பி வந்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் காணாமற் போனார்கள். செம்மணியில் முந்நூறு, நானூறு உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக 1998இல் தண்டனை பெற்ற ஓர் இராணுவச் சிப்பாய் நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டியபோது பதினைந்து கிடைத்தன. பிறகு அது ஆறிப்போனது. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடைக்கு அத்திவாரம் வெட்டப் போய் எலும்புகள் வெளிவந்தன; நீதிமன்ற மேற்பார்வையில் தோண்டத் தோண்ட இருநூறுக்கும் மேல் எண்ணினார்கள். அவற்றில் பிள்ளைகளும் உண்டு. நீலநிறப் புத்தகப்பை ஒன்றும் இருந்தது. மண்ணைப் பிளந்து வெளிவரும் எலும்புக்கை என்பது திகில் மட்டைகளின் மிகப் பழைய, மிகத் தேய்ந்த வார்ப்பு. அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தச் செய்திப் படங்களைப் பார்க்கும்போது ஒரு மட்டையும் நினைவுக்கு வரவில்லை. அங்கே பச்சை இல்லை, ஊதா இல்லை. மண் நிறத்தில் மண், அதில் மண் நிறத்தில் எலும்பு, பக்கத்தில் இலக்கமிட்ட சிறு அட்டை. அந்த ஓவியர்கள் நம்மை எதற்கும் பழக்கப்படுத்தவில்லை. கேடும் செய்யவில்லை. நம் தகப்பன்மாரும் செனற்றர் கீஃபாவரும் இரு பக்கமும் தவறாகக் கணித்துவிட்டார்கள்.

அப்படியானால் அந்த மட்டைகள் மேல் இவ்வளவு பாசம் எதற்கு? பாசத்துக்குச் சந்தை இருக்கிறது என்பது ஒரு பதில். ஃபிராங்க் ஃபிரசெட்டா 1969இல் 'ஈரி' இதழுக்கு வரைந்த எகிப்திய அரசி என்ற மட்டை ஓவியம் 2019இல் ஐம்பத்து நான்கு இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. சிவகாசியில் அந்த அளவுக்கு யாரும் கனவு காணவில்லை. ஆனால் 2012இல் லயன், முத்து இரண்டும் பளபளப்புத் தாளில், முழு வண்ணத்தில் புத்துயிர் பெற்றன. வாங்கியவர்கள் பிள்ளைகள் அல்லர். தலை நரைத்தவர்கள், பலர் சந்தா கட்டி, சிலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து. பழைய பிரதிக்குச் சேகரிப்பாளர்கள் கேட்கும் முதல் கேள்வி, மட்டை இருக்கிறதா என்பது. அது தெரிந்த கேள்விதான். வகுப்பறையில் எங்கள் விலைப்பட்டியலும் அதையே கேட்டது.

பாசத்துக்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. அந்த மட்டைகளில் பெண்கள் செய்த வேலை பெரும்பாலும் கத்துவது; அதற்குக் கிழிந்த உடை போதும் என்று ஓவியர்கள் எண்ணினார்கள். ஆப்பிரிக்கர் என்றால் எலும்பு மாலையும் கொதிக்கும் அண்டாவும். சீனர் என்றால் நீண்ட நகம். லண்டன் தன் அச்சங்களை வரைந்து அனுப்பியது, நாங்கள் அவற்றை எங்கள் அச்சங்களாக எடுத்துக்கொண்டோம். பனங்கூடலுக்குள் முனியைத் தேடிய எங்கள் கண் கறுப்புக் கோட்டும் உயர்ந்த கழுத்துப்பட்டியும் அணிந்த ஓர் ஐரோப்பியப் பிரபுவை எதிர்பார்த்தது. இந்த வெயிலில் அந்தக் கோட்டோடு அவன் பட்டிருக்கக்கூடிய பாடு எங்களுக்குத் தோன்றவில்லை. முனி எங்களைவிட்டு எப்போது போனது என்று தெரியாமலே போய்விட்டது. அதை ஒரு இழப்பு என்று சொல்லலாமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. ஆச்சியின் முகமற்ற அச்சத்தில் ஓர் ஒழுக்கம் இருந்தது: அது போகக்கூடாத இடத்தைச் சொன்னது, யாரை வெறுக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

இந்த வாசிப்பின் வரலாறு எங்கும் சேராமல் நிற்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் வெளியீடுகளை மலைக்கத்தக்க உழைப்போடு சேர்த்து வைத்திருக்கிறது. கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலைப் பரிசளிப்பு விழா மலர் வரை தேடி எடுக்கலாம். ஆனால் சிவகாசியில் அச்சான மாயாவி ஈழத்து வெளியீடு அல்ல. அதைச் சேர்க்காதது குற்றமும் அல்ல. தமிழகத்துச் சேகரிப்பாளர்களின் கணக்கில் அது முத்து காமிக்ஸ் இதழ், இத்தனையாவது இலக்கம், இன்ன விலை. அந்த இலக்கத்தில் எத்தனை பிரதி இராமேஸ்வரம் கடந்தது, எத்தனை கை மாறியது, எத்தனை பதுங்குகுழியில் நனைந்தது என்பது அந்தக் கணக்கில் வராது. அச்சிட்ட ஊருக்கு நாங்கள் வெளியூர்க் கட்டு ஒன்று. வாசித்த ஊருக்கு அது வெளியூர்ச் சரக்கு.

ரொறன்ரோவில் இருக்கும் மச்சானும் நானும் கைத்தொலைபேசியில் அடிக்கடி சண்டை பிடிப்பது ஒரு மாயாவி மட்டையைப் பற்றி. பின்புலம் பச்சை என்பது என் கட்சி. "உனக்குக் கண் பழுது மச்சான், அது சிவப்பு. கை நீலம், பின்னாலை சிவப்பு" என்பான். அவனுடைய பிரதி இடப்பெயர்வில் போனது. என்னுடையது அதற்கு முன்னரே மட்டை இல்லாமல் என்னிடம் வந்தது. ஆகவே நான் அந்த மட்டையை எங்கே பார்த்தேன் என்று அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. கடைசியில் அவன் மறுபதிப்புக்குச் சொல்லிவைத்து, சிவகாசியிலிருந்து கனடாவுக்குக் கப்பல் கூலியும் கட்டி, வரவழைத்துவிட்டான். நல்ல தாள், தெளிவான அச்சு, மறுபக்கத்து மூக்கு இந்தப் பக்கம் தெரியவில்லை. மட்டையைப் படம் பிடித்து அனுப்பினான். இந்தப் பதிப்புக்கென்று புதிதாக வரைந்த மட்டை. பின்புலம் மஞ்சள்.